கலைச்சொல்லும் செய்தி வாக்கியமும்: கடல்வாழ் உயிர்ச்சூழல் பற்றிய தமிழ்ச் செய்திகள்

1. முன்னுரை

காட்டின் அழிவைக் காட்டோரத்தில் வாழ்பவர் கண்ணால் காண இயலும். கடலடியின் அழிவு அவ்வாறு காணக்கூடியதன்று. சங்கு குளிப்போர், வலை இடுவோர், கடலாய்வாளர் ஆகிய சிலரைத் தவிர ஏனையோர்க்குக் கடலடி என்பது சொற்களாலும் படங்களாலும் ஆன உலகமேயாகும். அவ்வுலகத்தை நாள்தோறும் அமைத்துத் தருவது செய்தி. ஆதலின், அச்சுறுத்தலுக்கு உள்ளாகியுள்ள கடல்வாழ் உயிர்ச்சூழலைப் பொதுமக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்னும் வினா, செய்தியின் மொழி எத்தகையது என்னும் வினாவோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளது.

செய்தியின் மொழியை மொழியியல் நோக்கில் ஆராயும் மரபு புதியதன்று. 1991இல் வெளிவந்த ராஜர் ஃபவுலரின் நூல், செயப்பாட்டுவினையும் பெயராக்கமும் ஆங்கிலச் செய்திகளில் செய்தவரை மறைக்கும் முறையைக் காட்டியது. 1990இல் கிரீசு நாட்டின் தெசலோனிக்கி நகரில் நிகழ்ந்த பயன்பாட்டு மொழியியல் மாநாட்டில் ஆற்றிய உரையில் ஹாலிடே, சுற்றுச்சூழல் நெருக்கடிக்கும் இலக்கண அமைப்புக்கும் உள்ள தொடர்பை ஆய்வுப் பொருளாக்கினார். தமிழில் இத்துறையில் நிகழ்ந்துள்ள முயற்சிகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. சரியான கலைச்சொல்லைத் தந்துவிட்டால் சரியான விளக்கம் தானே வந்துவிடும் என்பது அம்முயற்சிகளின் அடியில் உள்ள கருத்து. இக்கருத்து பாதி உண்மையே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகிய பகுதிகளைப் பற்றிய செய்திகளில் வழங்கும் பெயர், எண், வினை, செய்திவகை ஆகிய நான்கும் இங்கு ஆராயப்படுகின்றன. எடுத்தாளப்படும் வாக்கியங்கள் எந்த ஒரு நாளிதழின் மேற்கோளும் அல்ல. பரவலாக வழங்கும் வாய்பாடுகளின் சுருக்க வடிவங்களாகும்.

2. பெயர்: பவளமும் பாறையும்

2.1 பவளப்பாறை

பவளம் என்று ஆங்கிலவழி அறிவியல் குறிப்பது ஒரு விலங்கினத்தை. மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்புப் பொருளைச் சுரந்து, நூற்றாண்டுக் கணக்கில் எழுப்பும் அமைப்பே தமிழில் 'பவளப்பாறை' எனப்படுகிறது. இத்தொகைச் சொல்லின் முதற்பகுதியாகிய 'பவளம்' தமிழ் மரபில் ஒன்பான் மணிகளுள் ஒன்று. இரண்டாம் பகுதியாகிய 'பாறை' நிலத்தின் கூறு. அணிகலக் கல்லும் நிலக் கல்லும் சேர்ந்து ஓர் உயிர்த்தொகுதியின் பெயராகியுள்ளன. இலங்கைத் தமிழில் வழங்கும் 'முருகைக்கல்' என்னும் சொல்லிலும் கல்லே பொருளைத் தாங்கி நிற்கிறது.

'பவளக்கொடி' என்னும் பழைய வழக்கை இங்கு ஒப்பிடலாம். அது அணிகலனாகும் செம்பவளத்தைக் குறித்தது. பாறை அமைக்கும் பவளத்தை அன்று. விலங்கைக் கொடியாகக் கருதியதில் அறிவியற் பிழை உண்டு. எனினும், அது வளர்வது என்னும் உணர்வு அச்சொல்லில் இருந்தது. பிற்காலத்துக் கலைச்சொல் அறிவியலை நெருங்கி வந்தபோது உயிரை இழந்துவிட்டது.

கல் என்னும் பெயர் வெறும் பெயராக நின்றுவிடவில்லை. மன்னார் வளைகுடாவில் பவளம் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டது. கல்லை வெட்டுவது தொழில். உயிரை வெட்டுவது கொலை. பெயர் முதல் வகையில் இருந்தமையால் செயலும் அவ்வகையிலேயே எண்ணப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்டம் அவற்றை விலங்கு என்றது. நாட்டு வழக்கு தொடர்ந்து பாறை என்றது.

2.2 பார்

இதற்கு மாறாக, தென்கடலோர மீனவர் வழக்கில் உள்ள 'பார்' என்னும் சொல் கவனத்திற்குரியது. கடலடியில் மேடாக அமைந்து உயிரினங்கள் கூடி வாழும் தளத்தை அது குறிக்கும். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள முத்துச்சிப்பித் தளங்கள் 'தொலாயிரம் பார்' என்பது போலத் தனித்தனிப் பெயர் பெற்றவை. முத்துக்குளித்தல் தொடர்பான அரசு ஆவணங்களும் இச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டன. பாறை என்பது பொதுப்பெயர். பார் என்பது இடமும் பயனும் நினைவும் உடைய பெயர். தொலாயிரம் பாரைப் பற்றி ஒருவர் பேசினால் அங்கு எது விளைந்தது, எந்த ஆண்டு விளையவில்லை என்பதும் பேச்சில் வரும். செய்தித்தமிழ் இச்சொல்லைக் கைக்கொள்ளவில்லை. ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் தொடர்களைப் பெயர்க்கும் வழியில் 'பவளப்பாறை'யே நிலைபெற்றது. அதே வழியில் வந்த 'கடலின் மழைக்காடுகள்' என்னும் உருவகமும், மழையே அரிதான இராமநாதபுரம் கடற்கரை பற்றிய செய்திகளில் இடம்பெறுகிறது. தன் ஊர்க் கடலை விளங்கிக்கொள்ள வாசகர் தாம் காணாத காட்டின் வழியே செல்லவேண்டியுள்ளது.

2.3 வெளுத்தலும் வெளிறலும்

கடல்நீர் வழக்கத்தினும் மிகுதியாக வெப்பமடையும்போது, பவள உயிரி தன் திசுக்களில் தங்கி உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெண்ணிறச் சட்டகம் தெரிகிறது. இந்நிலையில் பவளம் இறந்துவிடவில்லை, பட்டினியில் உள்ளது. வெப்பம் தணிந்தால் மீளக்கூடும், நீடித்தால் இறக்கும். இந்நிகழ்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் துணியை வெண்மையாக்கும் தொழிலிலிருந்து வந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தோர் 'வெளுத்தல்' என்றனர். வேறு சிலர் 'நிறமிழப்பு' என்றும் 'வெளிறல்' என்றும் எழுதினர்.

இம்மூன்றும் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் தமிழில் வெவ்வேறு உறவுகளை உடையவை. துணி வெளுக்கும், கிழக்கு வெளுக்கும். இரண்டிலும் தூய்மை அல்லது விடிவு உண்டு, துன்பம் இல்லை. நிறமிழப்பு என்பது சுவருக்கும் சாயத்துக்கும் பொருந்தும். வெளிறுவதோ முகம். நோயாலும் அச்சத்தாலும் பட்டினியாலும் உயிருள்ள உடல் வெளிறும். தேறினால் மீண்டும் நிறம் பெறும். உயிருண்டு, ஊறு நேர்ந்துள்ளது, மீட்சிக்கு இடமுண்டு என்னும் மூன்று செய்திகளையும் ஒரு சொல்லில் தருவது 'வெளிறல்' ஒன்றே. மூலச்சொல்லின் பிறப்பைப் பின்பற்றாமல் நிகழ்வின் இயல்பைப் பின்பற்றும் மொழிபெயர்ப்பு எவ்வாறு மூலத்தையும் விஞ்சக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

3. எண்: எதன் விழுக்காடு?

பெயர் சரியாக அமைந்த பின்னும் செய்தி பிழைபடக்கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு பற்றிய 2016ஆம் ஆண்டுச் செய்திகள் சான்றாகும். அவ்வாண்டு ஆய்வாளர்கள் வானூர்தியிலிருந்து 911 திட்டுகளைப் பார்வையிட்டனர். அவற்றுள் 93 விழுக்காட்டுத் திட்டுகளில் ஏதேனும் ஓரளவு வெளிறல் காணப்பட்டதாக ஏப்ரல் மாதத்தில் அறிவித்தனர். எண்ணப்பட்ட அலகு திட்டு, பவளம் அன்று. அளக்கப்பட்டது வெளிறல், இறப்பு அன்று. ஆனால் உலகெங்கும் பரவிய செய்தியில் அலகும் அளவும் ஒருங்கே நழுவின. '93 விழுக்காட்டுத் திட்டுகளில் வெளிறல்' என்பது '93 விழுக்காடு வெளிறியது' என்றாகி, அதிலிருந்து '93 விழுக்காடு அழிந்தது' என்னும் எண்ணம் தோன்ற வழி ஏற்பட்டது. பின்னர் இறப்புக் கணக்கு வந்தபோது, வடபகுதியில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்தில் ஆழமற்ற நீரில் வாழும் பவளங்களில் மூன்றில் இரு பங்கும், திட்டு முழுவதையும் சேர்த்து நோக்கின் ஏறத்தாழ 30 விழுக்காடும் இறந்தமை தெரியவந்தது. இது வரலாறு காணாத பேரழிவே. எனினும் மக்கள் மனத்தில் முன்னரே பெரிய எண் ஒன்று பதிந்திருந்தமையால், உண்மையான பேரழிவு குறைந்த செய்தியாகத் தோன்றியது.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க இதழாகிய 'அவுட்சைட்' அத்திட்டுக்கு இரங்கற்குறிப்பு வடிவில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அது நையாண்டியும் துயரமும் கலந்த இலக்கிய உத்தி. அது பகிரப்பட்டபோது உத்தி மறைந்து, இறந்தது என்னும் தகவல் மட்டும் பயணம் செய்தது. பவள ஆய்வாளர் பலர் மறுப்புத் தெரிவித்தனர். இறந்ததற்காக எவரும் உழைக்கமாட்டார் என்பது அவர்தம் கவலை.

தமிழில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. விழுக்காட்டுத் தொடரில் 'இல்' உருபு எதனோடு சேர்கிறது என்பதில் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. 'திட்டுகளில் 93 விழுக்காடு', '93 விழுக்காட்டுத் திட்டுகளில்', 'திட்டின் 93 விழுக்காடு' ஆகிய மூன்றுள் மூன்றாவது, பரப்பையே குறித்துவிடும். தலைப்பில் இடம் கருதி உருபு தொக்கு '93% பவளப்பாறை வெளிறியது' என அமையுங்கால் மூன்றாம் பொருளே மேலோங்கும். வேற்றுமைத்தொகை செய்யுளுக்கு அழகு, புள்ளிவிவரத்துக்கு ஆபத்து.

4. வினை: செய்தவர் இல்லாத அழிவு

4.1 இயங்குவினையும் இயக்குவினையும்

ஆங்கிலச் செய்திகளில் செய்தவரை மறைப்பது செயப்பாட்டுவினை என்பது ஃபவுலர் முதலியோர் கண்ட முடிவு. இதனை அப்படியே தமிழுக்குப் பொருத்துதல் சரியன்று. தமிழ்ச் செயப்பாட்டுவினையில் செய்தவர் தொக்கு நின்றாலும் 'எவரால்?' என்னும் வினாவுக்கு இடம் இருக்கிறது. 'பவளம் வெட்டப்பட்டது' என்றால் வெட்டியவர் ஒருவர் உண்டு என்பது பெறப்படும். தமிழில் செய்தவரை அடியோடு நீக்குவது வேறொரு வினைவகை. கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்துக் காட்டிய இணைகளுள் முதலாவதே அது. அழிகிறது, அழிக்கிறது, ஒதுங்குகிறது, ஒதுக்குகிறது, மூழ்குகிறது, மூழ்கடிக்கிறது ஆகிய இணைகளில் இயங்குவினை அமைந்த வாக்கியத்தில் 'எவரால்?' என்னும் வினாவே எழுவதில்லை. நிகழ்ச்சி தானே நிகழ்ந்ததாகிவிடுகிறது.

4.2 கரை ஒதுங்கியது

கடல் விலங்கு பற்றிய தமிழ்ச் செய்திகளில் மிகப் பரவலான வாய்பாடு 'இறந்து கரை ஒதுங்கியது' என்பதாகும். ஆமை, ஓங்கில், கடற்பசு, திமிங்கிலம் ஆகிய யாவும் இவ்வினைக்கு எழுவாயாகும். ஒதுங்குதல் என்பது மழைக்கு ஒதுங்குதல், வம்புக்கு அஞ்சி ஒதுங்குதல் போன்ற இடங்களில் தன் விருப்பத்தாற் செய்யும் செயல். அதன் நிழல் இங்கும் படிகிறது. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வர இயலாமல் இறக்கிறது என்பது காரணம். காரணம் ஒரு வலை, ஒரு விசைப்படகு, ஒரு விதிமீறல், ஒரு மேற்பார்வைக் குறை ஆகியவற்றின் தொடர். வாக்கியத்திலோ ஆமையும் கரையும் மட்டுமே உள்ளன.

4.3 தீவுகள் மூழ்கின

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டு 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் பின்னர் நீருக்கடியில் சென்றன. சுற்றியிருந்த பவளம் வெட்டி எடுக்கப்பட்டதால் அலையைத் தடுக்கும் அரண் நீங்கி அரிப்பு மிகுந்தமை இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. செய்திகளில் 'தீவுகள் மூழ்கின' என்பதே வாய்பாடு. கடல்மட்ட உயர்வு என்னும் உலகக் காரணம் அதனோடு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளூர்ச் சுண்ணாம்புச் சூளை ஒட்டுவதில்லை. உலகக் காரணம் பொய்யன்று. ஆனால் அது ஒன்றே கூறப்படும்போது, அருகிலிருந்த காரணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியோர் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகின்றனர்.

இச்செய்தி எந்த நாளில் வரவேண்டியது என்பதும் சிந்தித்தற்குரியது. கால்டுங், ரூகே ஆகியோர் 1965இல் காட்டியவாறு, வெளியீட்டுக் கால இடைவெளிக்குள் முடிந்துவிடும் நிகழ்ச்சியே எளிதில் செய்தியாகும். தீவு மூழ்குவதற்கு நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் சிறிதளவு நிகழ்ந்தது எந்த நாளிலும் செய்தியாகவில்லை. முடிந்த பின்னரே செய்தியாயிற்று. 1995இல் டேனியல் பாலி மீன்வள ஆய்வாளர்களைப் பற்றிக் கூறியதும் இதனோடு பொருந்தும். ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட நிலையையே இயல்பு நிலையாகக் கொள்கிறது என்றார் அவர். 'வழக்கத்தைவிட' என்று செய்தி தொடங்கும்போது எவருடைய வழக்கம், எந்த ஆண்டின் வழக்கம் என்பது கூறப்படுவதில்லை.

4.4 அழிந்துவரும்

அச்சுறுத்தலுக்கு உள்ளான இனத்தைச் செய்தித்தமிழ் 'அழிந்துவரும் அரியவகை' என்னும் ஒரே அடைத்தொடரால் குறிக்கிறது. அச்சுறுத்தல் என்பது நேரக்கூடியது. 'அழிந்துவரும்' என்பது நேர்ந்துகொண்டிருப்பது. முன்னது தடுக்கத் தூண்டும். பின்னது இரங்கத் தூண்டும். மேலும் அரியது என்பது எண்ணிக்கை பற்றியது. கூட்டங் கூட்டமாகக் கரைக்கு வந்து முட்டையிடும் பங்குனி ஆமையையும் 'அரியவகை' என்று எழுதுவதால், ஏராளமாக உள்ள ஓர் உயிரும் அச்சுறுத்தலுக்கு உள்ளாகலாம் என்னும் கருத்துக்கு மொழியில் இடமில்லாமற் போகிறது.

5. செய்திவகை: ஒரு விலங்கு, இரு கரைகள்

கடல் அட்டை என்பது நட்சத்திர மீனோடு உறவுடைய முட்தோலி. கடலடி மணலை உட்கொண்டு, அதிலுள்ள கரிமப் பொருளைச் செரித்து, மணலை வெளிவிடும் இயல்புடையது; மண்ணுக்கு மண்புழு போலக் கடலடிக்கு அது. தமிழ்ப்பெயரோ குருதி உறிஞ்சும் அட்டையை நினைவூட்டுவது. 2001இல் இந்தியாவில் இதனைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. அதன்பின் தமிழக நாளிதழ்களில் இவ்விலங்கு ஏறத்தாழ ஒரே வகையான வாக்கியத்தில் மட்டுமே தோன்றுகிறது: 'இலங்கைக்குக் கடத்த முயன்ற இத்தனை கிலோ கடல் அட்டை பறிமுதல், மதிப்பு இத்தனை இலட்சம்.' எண்ணும் அலகு கிலோ; மதிப்பிடும் அலகு ரூபாய்; தகவல் தருவோர் காவல் துறையினர், வனத்துறையினர், கடலோரக் காவல்படையினர். கடலடி இழந்தது எவ்வளவு என்பதற்கு இவ்வாய்பாட்டில் இடமே இல்லை. உயிரினம் செயப்படுபொருளாகக்கூட நிற்பதில்லை, சரக்காக நிற்கிறது.

பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் இதே சொல் வேறு வாக்கியங்களில் வருகிறது. அங்கு இது உரிமம் பெற்றுப் பிடிக்கத்தக்கது. வடமாகாணக் கரையில் வளர்க்கவும் படுகிறது. ஆதலின் 'கடல் அட்டைப் பண்ணை' என்னும் தொடர் அங்கு ஏற்றுமதி, வாழ்வாதாரம், கரையோர உரிமை, சிறுமீனவர் எதிர்ப்பு ஆகிய செய்திகளின் தலைப்பாகிறது. மொழி ஒன்று, கடல் ஒன்று, விலங்கு ஒன்று. ஒரு கரையில் அது குற்றச்செய்தி. மறு கரையில் அது பொருளாதாரச் செய்தி. இரு கரையிலும் அது உயிர்ச்சூழல் செய்தியாவது அரிது. பொதுமக்களின் விளக்கம் பெயரால் மட்டும் அமைந்திருப்பின் இரு கரையிலும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். வேறுபாட்டுக்குக் காரணம் அப்பெயர் சேர்ந்து வரும் வினைகளும் அலகுகளுமேயாகும். இக்கட்டுரையின் கருதுகோளுக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

6. மாற்றுச் சான்றுகள்

செய்தி எப்போதும் மறைக்கிறது என்று கூறுதல் நேர்மையன்று. 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து கிடந்தபோது, நாளிதழ்கள் நாள்தோறும் எண்ணிக்கையை வெளியிட்டன. எண் வளர வளர 'ஒதுங்கின' என்னும் வினை தாங்காமற் போய், இழுவை வலை, தடை செய்யப்பட்ட தொலைவு, ஆமை தப்பும் வழியுடைய வலைக்கருவி ஆகியவை வாக்கியங்களுக்குள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செய்தியின் அடிப்படையில் தானே முன்வந்து இதனை எடுத்துக்கொண்டது. தொடர்ச்சி என்பதும் ஓர் இலக்கணமே. ஒற்றைச் செய்தியில் இடம்பெறாத செய்தவர், தொடர்செய்தியில் இடம்பெறுகிறார்.

கடற்பசு பற்றிய செய்திகள் மற்றொரு சான்று. பாக் விரிகுடா மீனவர் வழக்கில் இது 'ஆவுளியா'. செய்தித்தமிழ் ஏற்றது 'கடற்பசு'. மண்சார்ந்த பெயரை இழந்தது குறையே. எனினும் இப்பெயர் ஒரு நன்மை செய்தது. பசு புல் மேயும். ஆதலின் கடற்பசுவுக்குக் கடற்புல் வேண்டும் என்பது விளக்கமின்றியே விளங்குகிறது. 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தபோது, கடற்புல்வெளியும் சேர்ந்தே பேசப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர் விடுவிக்கும் நிகழ்ச்சிகளும் செய்தியாயின. 'மீனவர்கள் வலையை அறுத்துக் கடலில் விட்டனர்' என்பது செய்வினை வாக்கியம், எழுவாய் மீனவர். கடத்தல் செய்தியில் கைதாகும் பொருளாக மட்டுமே தோன்றிய ஒரு மக்கட்பிரிவு, இங்கு அறிந்து செயற்படும் எழுவாயாகிறது. வலையின் பெறுமானத்தை இழந்து அவர்கள் அதனை அறுத்தனர் என்பதையும் கூறும் செய்தி முழுமையான செய்தி.

7. முடிவுரை

ஒரு மறுப்பை இங்குக் கருதல் வேண்டும். நட்சத்திர மீனை எவரும் மீன் என்று எண்ணிச் சமைப்பதில்லை. பவளப்பாறை என்று சொல்லும் மீனவரும் அது உயிருள்ளது என்பதை அறிவார். ஆகவே பெயர் அறிவைக் கட்டுப்படுத்தும் என்பது மிகையன்றோ? மிகையே. பெயர் அனுபவத்தால் திருத்தப்படும் இடத்தில் தீங்கு செய்வதில்லை. அனுபவம் இல்லாத இடத்தில், பெயரைத் திருத்த வேண்டியவை அதனோடு சேரும் வினையும் எண்ணும் ஆகும். அவையும் தவறும்போதே பெயர் தீங்காகிறது. பாறை என்னும் பெயரோடு 'பசித்தது', 'வெளிறியது', 'தேறியது' என்னும் வினைகள் சேருமாயின் வாசகர் அதனை உயிர் என்று உணர்வர். பவளப்பாறையைப் 'பவளப்புற்று' என மாற்றி அமைக்கலாம். புற்று, உயிர்கள் கூடிக் கட்டியது. எனினும் இன்றைய வழக்கில் அச்சொல் நோயை நினைவூட்டும். சொல்லை மாற்றுவதால் தீராத சிக்கல் இது.

கலைச்சொல் அகராதிகள் பெயர்களைத் தருகின்றன. அப்பெயர்கள் எந்த வினைகளோடு சேரவேண்டும், எந்த அலகால் எண்ணப்படவேண்டும் என்பதைத் தருவதில்லை. சுற்றுச்சூழல் துறைக்குரிய சொற்றொகுதிகளில் ஒவ்வொரு பெயருக்கும் அதன் சேர்க்கை வினைகளையும் எண்ணலகையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் தருதல் பயன் தரும். கடலோர வழக்குச் சொற்கள் அவற்றில் இடம்பெறுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஓர் இயங்குவினையை எழுதும் முன் அதன் இயக்குவினை இணையை எழுதிப் பார்த்தல் நன்று. 'அழிந்தது' என்னும் இடத்தில் 'அழித்தது' என்று எழுதினால் எழுவாய் தேவைப்படும். அந்த எழுவாயைத் தேடும் முயற்சியே செய்தியாளரைக் கரையிலிருந்து கடலுக்கு அழைத்துச் செல்லும்.